பதிவு பெற்ற வேம்பு

நான் ஒரு வேப்பமரம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அரசாங்கப் பதிவு இருக்கிறது. என்னை வெட்ட வேண்டுமானால் ஆட்சியரின் அனுமதி வேண்டும். என் மேல் ஆணி அடித்தால் அபராதம். என் மேல் கட்சிச் சின்னம் வரைந்தால் ஜெயில். வாரா வாரம் அரசாங்கச் செலவில் எனக்குத் தண்ணீர் ஊற்றப்படுகிறது. இந்தக் கரிசல் சீமையில் அமைச்சர் வந்து தங்கும் பங்களாவுக்குக்கூட அந்தச் சலுகை கிடையாது.

பெருஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் ஊத்துப்பட்டி விலக்கில் இதை நம்பாதவர்கள் இல்லை. முதலில் நம்பியவள் என் மனைவிதான். "ரிட்டையரான அன்னைலருந்து நாற்காலியில வேரு விட்டாப்பல இருக்கீய. அரசாங்கத்துக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள். ஒரே ஒரு பெண் மட்டும் கடைசிவரை நம்பமாட்டேன் என்று நின்றாள். அவள் பெயர் பெனிட்டா. என்னை மரமாக்கிய கண்ணைச் செய்த இன்ஜினியர்களில் ஒருத்தி.

அந்தக் கண் முதலில் ஒரு சாதாரண செல்போன் செயலியாகத்தான் வந்தது. மரக்கண் என்று பெயர். இலையைக் காட்டினால் பெயர் சொல்லும், பட்டையைக் காட்டினால் வயது சொல்லும், மரத்தின் பூர்வீகம் எந்த நாடு என்றும் சொல்லும். பொழுதுபோகாத என்னைப் போன்றவர்களுக்கு அருமையான சாமான். நான் ஒரே காலையில் நாலாயிரம் மரங்களுக்குப் பெயர் கேட்டவன்.

பிறகு நாட்டு மரக் காப்புச் சட்டம் வந்தது. இந்த மண்ணின் மரங்களுக்குப் பாதுகாப்பு, வெளியிலிருந்து வந்தவற்றுக்கு வெட்டு. எது எந்த மரம் என்று அதிகாரி முடிவு செய்தால் சிபாரிசு வரும், கவர் வரும். ஆகவே மரக்கண் சொல்வதே முடிவு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம். அதையும் மரக்கண்தான் விசாரிக்கும்.

சொன்னதோடு நின்றதா? அதற்குக் கையும் காலும் கொடுத்தார்கள். தண்ணீர் லாரி உயரத்தில் ஒரு இயந்திரம், ஆளில்லாமல் சாலையோரமாக நடந்துவரும். முதுகில் தண்ணீர்த் தொட்டி, நீண்ட கழுத்து, கழுத்து நுனியில் கண், அடிவயிற்றில் ரம்பம். எங்கள் ஊரில் அதை ஒட்டகம் என்றோம். நாட்டு மரம் என்றால் தண்ணீர் தெளித்து எண் ஒட்டும். வந்தேறி மரம் என்றால் அறுத்து, துண்டு போட்டு, அடுக்கி வைத்துவிட்டுப் போகும். சுத்தமான வேலை. ஒரு இலையைக்கூடச் சாலையில் விடாது.

தூங்குமூஞ்சி மரங்கள் போயின. பள்ளிக்கூடத்தில் சிவப்பாகப் பூக்குமே மயில்கொன்றை, அதுவும் போயிற்று. மேலத்தெருவில் ஒருவர் பக்கத்து வீட்டுக் கொய்யாவைப் படம் பிடித்து அனுப்பினார். கொய்யா போனவர் பதிலுக்கு இவருடைய சீத்தாவைப் படம் பிடித்து அனுப்பினார். இரண்டு வீட்டாரும் இப்போது மொட்டை வெயிலில் நின்று ஒருவரையொருவர் முறைக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் பெண்கள் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நிற்பார்கள். சூரியன் நகர நகர வரிசையும் கடிகார முள் போல நகரும். அதைப் பார்த்துத்தான் நான் மணி சொல்வேன். மிளகாய் செடியாகப் பிறந்ததால் தப்பித்தது. மரமாக இருந்திருந்தால் அதுவும் வெளிநாடு என்று போயிருக்கும், ஊரில் குழம்பு கிடையாது.

அதற்கடுத்துத்தான் புளி.

எங்கள் விலக்கில் நூறு யானை ஒதுங்கி நிற்கும்படியான ஒரு புளியமரம் உண்டு. அதன் கீழே செல்லக்கனி பஞ்சர் கடை வைத்திருக்கிறாள். புருஷன் குஜராத்துக்கு லாரி ஓட்டுகிறான். அவள் இங்கே லாரிக்கு டயர் கழற்றுகிறாள். தாழ்ந்த கிளையில் டியூப்புகள் தொங்கும், தடித்த கிளையில் செயின் பிளாக் தொங்கும். எந்த லாரிச் சக்கரமும் அதில் மாட்டினால் குழந்தை மாதிரி மேலே வரும். வெயிலில் பஞ்சர் ஒட்ட முடியாது. ரப்பர் இளகி, ஒட்டிய துண்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆக, மரம்தான் கடை.

நான் ஒருநாள் என் போனில் அந்த மரத்தைக் காட்டினேன். "புளி. பூர்வீகம் ஆப்பிரிக்கா" என்றது.

"ஆப்பிரிக்காவா?" செல்லக்கனி டியூப்பைத் தண்ணீரில் முக்கியபடியே கேட்டாள். "அப்பம் ரசம்?"

"ரசம் நம்மளுது. புளிதான் அவங்களுது."

"எத்தனை தலைமுறையா நிக்கி இந்த மரம்! வந்த மரத்துக்கு எப்பத்தான் சொந்த ஊரு ஆகும் அண்ணாச்சி?"

"அதைப் போன்ல கேக்க பொத்தான் இல்ல."

"நக்கல் பண்ணாதீய. இந்த மரம் போச்சுன்னா நான் செயின் பிளாக்கை எங்க மாட்டுவேன், வானத்துலயா?"

ஒட்டகம் எந்த நாளும் வரலாம் என்றிருந்தது. அந்த நிலையில்தான் காளியம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது.

கொடையில் நான் நேர்ந்துகொண்டு ஆடியவன். ஏழு ஊர் மேளமும் களைத்துப்போய் உட்கார்ந்த பிறகும் நான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை மஞ்சள் வேட்டி, தோளைச் சுற்றி மஞ்சள் துண்டு, நெற்றி கொள்ளாத குங்குமம், கழுத்து முதல் முழங்கால் வரை வேப்பிலை மாலை, இந்தக் கோலத்தில் வந்து புளியமரத்தில் சாய்ந்தேன். நான் ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக வேலை பார்த்தவன். நின்றுகொண்டே தூங்குவதில் தெற்கு ரயில்வே முழுக்க எனக்கு ஈடு கிடையாது. தூங்கினேன்.

வயிற்றைச் சுற்றி ஏதோ குளிர்ச்சியாக இறுக்கியது. கண்ணைத் திறந்தால் எதிரே ஒட்டகம்! நாடாவால் என் சுற்றளவை அளந்துகொண்டிருந்தது. கழுத்தை வளைத்து என் முகத்துக்கு நேரே கண்ணைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சுருக்கமாகப் படித்தது. பிறகு, செய்தி வாசிக்கிற பெண்குரலில், "வேம்பு. நாட்டு மரம். நலமாக உள்ளது" என்றது. தலையிலிருந்து கால்வரை தண்ணீர் தெளித்தது. நெஞ்சில் எண் ஒட்டியது. பின்னாலிருந்த புளியை நான் மறைத்து நின்றதால் இரண்டும் சேர்ந்து ஒரே வேம்பு என்று எழுதிக்கொண்டு நகர்ந்தது.

செல்லக்கனி கையிலிருந்த ஜாக்கி லிவர் கீழே விழுந்தது. சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணாச்சி, அந்தத் துண்டைக் கழட்டிக் குடுங்க" என்றாள். அன்று மாலைக்குள் புளியமரத்தின் இடுப்பில் மஞ்சள் துணியும் மூன்று குங்குமப் பொட்டும் ஏறிவிட்டன. அடுத்த முறை வந்த ஒட்டகம் புளிக்குத் தண்ணீர் தெளித்து "வேம்பு" என்று வாழ்த்திவிட்டுப் போனது.

ஒரு மாதத்தில் சாலை நெடுகப் புளியமரங்கள் மஞ்சள் கட்டிக்கொண்டு கல்யாணப் பெண்களைப் போல நின்றன. கோவில்பட்டி ஜவுளிக்கடைகளில் மஞ்சள் துணி தீர்ந்துபோய், கடைக்காரர்கள் சென்னைக்கு ஆள் அனுப்பினார்கள்.

என் பாடுதான் கொஞ்சம் கோணலாகிவிட்டது. நவம்பர் வந்தது. எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை போனில் முகத்தைக் காட்டி உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, போனைப் பார்த்துச் சிரித்தேன்.

"மனித முகம் தேவை. இது வேம்பு" என்றது போன்.

சட்டையை மாற்றினேன், தலையை வாரினேன், மீசையை எடுத்தேன். மீசையில்லாத வேம்பு என்றது. முகம் பார்த்துத் திறக்கும் பேங்க் கதவு திறக்கவில்லை. ரேஷன் கடை மெஷின் எனக்கு அரிசிக்குப் பதிலாக ஒரு கைப்பிடி உரம் சிபாரிசு செய்தது. காக்கைகள் இரண்டு என் தோளில் கூடு கட்ட இடம் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். வேறு வழியில்லாமல் ஒரு புகார் கொடுத்தேன். புகாரை விசாரிக்கத்தான் பெனிட்டா வந்தாள்.

பாளையங்கோட்டைப் பெண். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே முகத்தில் எரிச்சல். செல்லக்கனி கடையில் ஒரு பழைய டயரைக் காட்டி உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"சார், உண்மையைச் சொல்லுங்க. போன்ல என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. நின்னேன். மரமாயிட்டேன்."

"மனுஷனைப் பாத்து மரம்னு சொல்ல அதால முடியாது. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது தடவை சரியாச் சொல்லும்."

"மிச்சம் ஒரு தடவைக்கு நான் போய் நின்னுட்டேன் போல."

செல்லக்கனி குலுங்கிச் சிரித்தாள். பெனிட்டா தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "வேம்பு. பதிவு பெற்றது. நலமாக உள்ளது" என்றது அது, மிகவும் மரியாதையாக. அவள் இரண்டு மூன்று கோணத்தில் பிடித்துப் பார்த்தாள். அது தன் பேச்சை மாற்றவில்லை.

"யாரோ பதிவுல விளையாடியிருக்காங்க" என்றாள். "ஒவ்வொரு மரத்தையும் பட்டையில உள்ள வரியை வச்சுத்தான் ஞாபகம் வச்சுக்கும். உங்க மூஞ்சியை யாரோ உள்ளே ஏத்திவிட்டிருக்காங்க."

"அண்ணாச்சி மூஞ்சியில இல்லாத வரியா?" என்றாள் செல்லக்கனி.

"சரிம்மா," என்றேன், "மரத்தைப் பாக்குற கண்ணு மரத்தோட நிக்க வேண்டியதுதானே? பென்சன் ஆபீஸ்ல அதுக்கு என்ன வேலை?"

"எல்லாத்துக்கும் ஒரே கண்ணுதான் சார். தனித்தனியாச் செஞ்சா செலவு. கேமராவுல எது வந்தாலும் முதல்ல இது என்னன்னு பாக்கும். மனுஷன்னு முடிவு பண்ணினாத்தான், யாருன்னு பாக்கும்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். செல்லக்கனியின் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு பெனிட்டாவின் கண் புளியமரத்தின் இடுப்புக்குப் போனது. இலையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், போனைக் காட்டினாள். "வேம்பு" என்றது. துணியை அவிழ்த்து டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பாட்டில் தண்ணீரால் குங்குமத்தைக் கழுவினாள். பதிவு என் முகத்தின் பேரில்தான் இருந்தது, மரத்துக்கென்று தனியாக இல்லை. மறுபடி காட்டினாள். "புளி. பூர்வீகம் ஆப்பிரிக்கா." சாலை நெடுகத் தெரிந்த மஞ்சள் இடுப்புகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக டயரில் உட்கார்ந்தாள்.

"அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்த படமெல்லாம் மக்கள் அனுப்பினது" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "லட்சக்கணக்குல வேப்பமரம். எல்லாத்துலயும் மஞ்சத்துணி. அது இலையைப் படிக்கவே இல்ல. துணியைப் படிச்சிருக்கு."

"அப்பம் நான் மரமாயிட்டேன்னு சொன்னது?"

"துணியைப் பாத்து மரத்தை மாத்திச் சொல்லியிருக்கு. சரி. அதுக்காக ஆளைப் பாத்து மரம்னு சொல்லாது சார். நடக்கவே நடக்காது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு செய்யலாம். நான் இதை எழுதி அனுப்புனா, துணியை நம்பாதேன்னு திருத்திருவாங்க. எல்லாப் பதிவையும் மறுபடி பாக்கும்போது உங்க பதிவும் தானா அழிஞ்சிரும். மறுபடி மனுஷன் ஆயிருவீங்க."

"இந்த மரம்?"

அவள் தான் கழுவிய பட்டையைப் பார்த்தாள். செல்லக்கனி கையைச் சேலையில் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. 'உம்ம இஷ்டம்' என்கிற மாதிரி ஒரு பார்வை. அதுதான் மோசம்.

எனக்கு யோசிக்க அவகாசம் தேவைப்படவில்லை என்று சொன்னால் நீங்கள் இந்த ஒன்றைத்தான் நம்பமாட்டீர்கள். கொஞ்சம் யோசித்தேன். பென்சன் இல்லாத வீட்டையும், அதைப் பற்றி என் மனைவி பேசப்போவதையும் யோசித்தேன். பிறகு தலைக்கு மேலே தொங்கிய செயின் பிளாக்கைப் பார்த்தேன்.

"நான் வேப்பமரமாவே இருந்துட்டுப் போறேன்மா. எழுதாத."

"எழுதாம இருக்க முடியாது சார், என் வேலை அது" என்று அவள் ஆரம்பித்தபோது தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஒட்டகம். வாராந்திரத் தண்ணீருக்கு வருகிறது.

செல்லக்கனி பாய்ந்தாள். "துணி! துணி எங்க?"

துணி ஜீப்பில் இருந்தது. ஜீப் பெட்ரோல் போடப் போயிருந்தது. கடையில் கந்தல் துணிகள் இருந்தன, எல்லாம் கிரீஸ் கறுப்பு. செல்லக்கனி கட்டியிருந்ததோ பச்சைச் சேலை. நான் வெள்ளை வேட்டி.

"நிறுத்தும்மா அதை! நீதானே செஞ்ச?"

"நிறுத்த முடியாது சார்! பொத்தான் இருந்தா ஆளாளுக்குச் சிபாரிசு பண்ணுவாங்கன்னு, யாரும் நிறுத்த முடியாத மாதிரிதான் செஞ்சோம்!"

"நான் மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிடுதேன்" என்றாள் செல்லக்கனி.

"ஆள் நின்னா அது நிக்கும். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். அவங்க வந்து உங்களைத் தூக்கினதும் வெட்டிரும்."

நான் போய் மரத்துக்கு முன்னால் கைகளை விரித்து நின்றேன். ஒட்டகம் வந்தது. என்னைப் பார்த்தது. "வேம்பு. பதிவு பெற்றது. நலமாக உள்ளது" என்றது. ஒரு குடம் தண்ணீரை என் தலையில் தெளித்தது. பிறகு கழுத்தை எனக்கு மேலாக நீட்டி, பின்னாலிருந்த மரத்தைப் பார்த்து, குரலை மாற்றாமல், "புளி. வெளிநாட்டு மரம்" என்றது. அடிவயிற்றிலிருந்து ரம்பம் இறங்கி என்னைச் சுற்றி வளைந்து போனது, என் மேல் ஒரு கீறலும் படாமல். பாதுகாக்கப்பட்ட மரமல்லவா!

அப்போதுதான் நான் பெனிட்டாவைப் பார்த்தேன். அவள் துப்பட்டா மஞ்சள். நல்ல கிழங்கு மஞ்சள். அவளும் அதை அப்போதுதான் பார்த்தாள்.

"அக்கா, குங்குமம்!" என்று கத்தினாள்.

செல்லக்கனி கல்லாவுக்கு மேலிருந்த சாமி படத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வீசினாள். பெனிட்டா துப்பட்டாவை உருவி மரத்தைச் சுற்றினாள். மரம் பெரியது, துப்பட்டா சிறியது. இரண்டு முனைகளையும் இரண்டு கைகளால் இழுத்துப் பிடித்தபடி மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டாள். துணி அவளையும் சேர்த்துத்தான் சுற்றியிருந்தது. செல்லக்கனி வந்து பட்டையில் குங்குமத்தை அப்பினாள். அவசரத்தில் பாதி பெனிட்டாவின் நெற்றியில் அப்பியது. "ஏசப்பா" என்று அந்தப் பெண் முனகியது எனக்குக் கேட்டது. ரம்பம் சுழல ஆரம்பித்திருந்தது. மரத்தூள் காற்றில் பறந்து என் ஈர முகத்தில் ஒட்டியது.

நின்றது.

கண் இறங்கி வந்தது. மரத்தைப் பார்த்தது. "வேம்பு. நாட்டு மரம்." ரம்பம் உள்ளே போனது. கழுத்து இன்னும் கொஞ்சம் தாழ்ந்து பெனிட்டாவின் முகத்துக்கு நேரே வந்து வெகுநேரம் நின்றது. அவள் இமைக்கவில்லை. நாடா நீண்டு அவள் இடுப்பை அளந்தது.

"வேம்பு. இளங்கன்று. நலமாக உள்ளது."

தண்ணீர் தெளித்தது. இளங்கன்று என்பதால் மெல்லிய தூறலாகத் தெளித்தது, அந்த நாகரிகம் அதற்கு உண்டு. தோளில் எண் ஒட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனது.

புளியமரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ரம்பத்தின் கீறல், வெள்ளையாக. செல்லக்கனி அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பெனிட்டா நனைந்த தலையோடு போனை எடுத்து டிரைவரைக் கூப்பிடப் பார்த்தாள். அதைத் திறக்க முகத்தைக் காட்டினாள்.

"மனித முகம் தேவை" என்றது போன்.

நெற்றியைத் துடைத்துவிட்டுக் காட்டினாள். மறுபடி அதே பதில். கடைசியில் ரகசிய எண்ணை அடித்துத் திறந்தாள். என் புகாரைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி அனுப்பினால் அவளும் மனுஷியாகிவிடுவாள். என்னைப் போல ரிட்டையரான ஆளில்லை அவள். அவளுக்கு ஆபீஸ் கதவு திறக்க வேண்டும், சம்பளம் வர வேண்டும், வாழ்க்கை முழுக்க ஆயிரம் கேமராக்கள் முன்னால் நிற்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. என் வயதில் அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

"பென்சன் ஆபீஸ்ல உங்ககிட்ட என்ன கேக்குறாங்க சார்?" என்றாள் திடீரென்று.

"உயிரோட இருக்கேனான்னு."

"அவ்வளவுதானே? மரக்கண்ணும் வருஷா வருஷம் ஒவ்வொரு மரத்துக்கும் அதைத்தான் எழுதுது." எதையோ தட்டினாள், என் மரப் பதிவை என் பென்சன் எண்ணோடு சேர்த்தாள். என் போன் சிணுங்கியது. திறந்து பார்த்தேன். ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற கார்டு என்று என் பெயர். கீழே: 'உயிருடன் உள்ளது. பட்டுப்போன கிளைகள் இல்லை. அடுத்த ஆண்டு வரை செல்லும்.'

"புகாருக்கு என்ன எழுதுன?"

"கள ஆய்வில் குறை எதுவும் காணப்படவில்லைன்னு." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உன் ஆபீஸ் கதவு?"

"வாட்ச்மேன் இருக்காரு. அவருக்கு என்னை ஆள் தெரியும்."

செல்லக்கனி அவளுக்குத் துடைத்துக்கொள்ள, இருப்பதிலேயே கிரீஸ் குறைந்த துணியைத் தேடிக் கொடுத்தாள். துப்பட்டா மரத்திலேயே இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. தூரத்தில் ஜீப் திரும்பி வருவது தெரிந்தது. நான் அதற்கு மேல் பொறுக்க முடியாமல் டயரை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா பெனிட்டா. இப்பயாச்சும் சொல்லு. ஆளைப் பாத்து மரம்னு சொன்னது நடந்துச்சா, நடக்கலையா?"

அவள் தோளில் ஒட்டியிருந்த எண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. விட்டுவிட்டாள்.

"நடந்துச்சு அண்ணாச்சி" என்றாள்.